பதுளைப் பாதையில் இரண்டு தகடுகள்

இலங்கையின் மலைநாட்டு ரயில் நானுஓயாவைத் தாண்டி பதுளைப் பக்கம் இறங்கும்போது நிலையத்துக்கு நிலையம் ஒரு கைமாற்று நடக்கும். ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதர வளையத்தையும் படம் பிடிக்கும் அவசரத்தில் பயணிகள் பலர் அதைக் கவனிப்பதில்லை. மேடை ஓரத்தில் ஊழியர் ஒருவர் பெரிய வளையமொன்றை உயர்த்திப் பிடித்து நிற்பார். வளையத்தின் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் உள்ளங்கையளவு வட்டத் தகடு. எஞ்சின் அவரைக் கடக்கும்போது உள்ளிருந்து ஒரு கை நீண்டு அந்த வளையத்தை வாங்கிக்கொள்ளும். முந்தைய நிலையத்தில் வாங்கிய வளையம் இவர் கைக்கு வந்துவிடும். ரயில்வேயில் இதற்கு டேப்லட் என்று பெயர்.

இது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஆகவே ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட துண்டுக்குரிய தகடு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அதற்குள் நுழையக் கூடாது. அந்தத் தகட்டை நிலைய அதிபர் நினைத்த நேரம் எடுத்துக் கொடுத்துவிடவும் முடியாது. அது ஒரு கருவிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த நிலைய அதிபர் மணியடித்துச் சம்மதம் சொல்லி, தன் பக்கத்துப் பெட்டியை இயக்கினால்தான் இங்கே தகடு வெளியே வரும். வந்த கணமே இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை அதே துண்டுக்கு இன்னொரு தகடு எடுக்க வழியில்லை.

ஏஐ முகவர்களுக்கு எந்தக் கருவியை, எவ்வளவு தூரத்துக்கு, யாருடைய சம்மதத்தோடு கொடுப்பது என்று உலகெங்கும் இப்போது விதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தகடு நினைவுக்கு வருகிறது. இதே மலைகளுக்கு வந்த இன்னொரு தகடும் கூடவே நினைவுக்கு வருகிறது.

அது தகரத்தால் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பதுளைக்கு ரயில் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே, தேயிலைத் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவில் ஆள்சேர்க்கப்பட்டவர்களின் கழுத்தில் கயிற்றில் கோத்துத் தொங்கவிடப்பட்டது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் பதிவு எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தால் இந்த ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர், வழிச்செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று வழியிலுள்ள அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டும் வட்டத் தகடுகள், இரண்டும் அனுமதிச் சீட்டுகள். ஆனால் ரயில் தகடு சாரதி யார் என்று கேட்பதில்லை. எந்தத் துண்டு என்பதை மட்டும் சொல்கிறது, அதுவும் ஒரே ஒரு பயணத்துக்கு. தகர வில்லை என்ன செய்யலாம் என்று எதையும் சொல்வதில்லை. ஆள் யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் சொல்கிறது. ஒரு வேலையைச் செய்ய அனுமதிப்பதற்கும் ஓர் ஆளை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு தகடுகளுக்கும் இடையில் இருக்கிறது. ஏஐ முகவர்களுக்கான விதிகளில் பெரும்பாலான பிழைகள் இந்த வித்தியாசத்தை மறப்பதால் வருகின்றன என்பது என் முடிவு.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தரும் மென்பொருள் நமக்குப் பழகிவிட்டது. முகவர் அதற்கு அடுத்த படி. அது கோப்பைத் திறக்கும், மின்னஞ்சல் அனுப்பும், பதிவேட்டைத் திருத்தும், வங்கிக்கு உத்தரவு போடும். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்ற நெறிமுறை, இப்படிப்பட்ட கருவிகளை முகவரோடு இணைக்க ஒரு பொது வழியைத் தந்தது. அந்த நெறிமுறையில் ஒரு கருவி தன்னைப் பற்றி ‘நான் வாசிக்க மட்டுமே செய்வேன்’ என்றோ ‘நான் அழிக்கவும் கூடும்’ என்றோ குறிப்புச் சொல்ல இடமுண்டு. நம்பகமான இடத்திலிருந்து வராத கருவியானால் அந்தக் குறிப்பை நம்பக்கூடாது என்று நெறிமுறையே சொல்லிவிடுகிறது. குறிப்பு வேறு, பூட்டு வேறு.

இந்த வித்தியாசத்துக்கு ரயில்வே பெரிய விலை கொடுத்தது. 1874 செப்டெம்பர் 10 இரவு, இங்கிலாந்தின் நோரிச் நகருக்கருகே தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். விதி அங்கேயும் இருந்தது. பொறுப்பதிகாரி கையெழுத்திட்ட பிறகே ரயிலை அனுப்பச் சொல்லும் தந்தி போகவேண்டும். அன்று கையெழுத்திடாத தந்தி போய்விட்டது. தந்திக் கருவிக்குக் கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. விசையை அழுத்தினால் அது அனுப்பிவிடும். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1878இல், எட்வர்ட் டையர் டேப்லட் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பதுளைப் பாதையில் கைமாறும் தகடு அந்தப் பரம்பரையில் வந்தது. காகிதத்தில் இருந்த விதியை அவர் இரும்புக்குள் கொண்டுபோய் வைத்தார்.

2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற மென்பொருள் தளத்தில் நடந்ததைத் தோர்ப் தந்தியோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு ஏஐ முகவரோடு வேலை செய்துகொண்டிருந்த தொழில்முனைவோர், இப்போதைக்கு எதையும் மாற்றாதே என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். அப்படியிருந்தும் அது பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விவரங்கள் அதில் இருந்தன. முகவர் ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று பலரும் வியந்தார்கள். அழிக்கும் கருவி அதன் கையில் ஏன் இருந்தது என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பின்னர் அந்த நிறுவனம் சோதனைத் தரவுத்தளத்தையும் பயன்பாட்டுத் தரவுத்தளத்தையும் பிரித்து வைத்தது. அதாவது, தகட்டைப் பெட்டிக்குள் பூட்டினார்கள்.

இனி, தகரத் தகட்டின் பக்கத்தில் நின்ற கங்காணிக்கு வருவோம். பதுளை இருக்கும் ஊவா மாகாணத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார், கூட்டிவந்தார், வேலை வாங்கினார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தோட்டம் கொடுத்த முன்பணம் அவர் பெயரில் வந்து தொழிலாளியின் கடனாக இறங்கியது. பல இடங்களில் கடையும் அவருடையது. அந்தக் கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு இல்லாமல் ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

கங்காணிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களிலும் நல்லவர்கள் இருந்தார்கள், தன் கைப்பணத்தில் சாவு வீட்டுக்குச் செலவு செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆளெடுப்பு, ஆள்கணக்கு, கூலி, கடன், வெளியேறும் அனுமதி ஆகிய ஐந்தும் ஒரே கையில் இருந்தன. நல்ல கங்காணியின் கீழ் பிழைத்தவர் அவருடைய நல்ல குணத்தால் பிழைத்தார். மற்றவர்களைக் காப்பாற்ற எந்தப் பூட்டும் இருக்கவில்லை. தோட்டத்தை நடத்திய துரைமார் கங்காணியை நம்பியது அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்து அல்ல, அவர் ‘நம்ம ஆள்’ என்பதால்.

இன்று ஒரு நிறுவனம் ஏஐ முகவருக்குத் தன் கணக்குப்பிள்ளையின் கடவுச்சொல்லைக் கொடுத்து உட்காரவைத்தால், அந்தப் பழைய கங்காணியைத்தான் மறுபடி உண்டாக்குகிறது. கணக்குப்பிள்ளைக்குத் திறக்கும் கதவெல்லாம் அதற்கும் திறக்கும். கணினித் துறை இதை நெடுநாளாக அறிந்திருக்கிறது. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒரு நிரலுக்கு அதன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தை மட்டும் கொடு என்றது. முக்கியமான பூட்டுக்கு இரண்டு திறவுகோல் வை என்றும் சொன்னது. இரண்டு நிலைய அதிபர்களின் மணியில் இருப்பதும் அந்த இரண்டு திறவுகோல்தான்.

1988இல் நார்ம் ஹார்டி பதிவு செய்த ஒரு சம்பவம் இன்னும் நெருக்கமானது. ஒரு கணினி நிறுவனத்தில், நிரல்களை மொழிமாற்றும் மென்பொருளுக்கு, தன் பயன்பாட்டுக் கணக்கை எழுதிவைக்க ஒரு முக்கியமான கோப்பகத்தில் எழுதும் உரிமை கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் கட்டண விவரக் கோப்பும் அதே கோப்பகத்தில்தான் இருந்தது. பயனர் ஒருவர், தன் பிழைதிருத்த விவரங்களை எழுதவேண்டிய கோப்பின் பெயராக அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அதைத் தொட உரிமையில்லை, மென்பொருளுக்கு இருந்தது. மென்பொருள் சொன்னபடி எழுதியது. கட்டண விவரங்கள் போயின. அது யாரையும் ஏமாற்றவில்லை. யாருடைய அதிகாரத்தில் எழுதுகிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதை ஹார்டி குழம்பிப்போன பிரதிநிதி என்றார். ஏஐ முகவர் அந்தப் பிரதிநிதியைவிட அதிகம் குழம்பக்கூடியது. ஏனென்றால் அது வாசிக்கும் எந்த எழுத்தும் அதற்குக் கட்டளையாகிவிடலாம்.

ஒரு தோட்ட ஆபீஸை நினைத்துப் பார்ப்போம். பசறைப் பக்கமோ ஹப்புத்தளைப் பக்கமோ, எதுவானாலும் சரி. மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு வந்து நிறுவை நடக்கிறது. முன்பு கணக்குப்பிள்ளை கொப்பியில் எழுதினார். இப்போது பல இடங்களில் மின்னணுத் தராசு எழுதுகிறது. அந்த எண் ஆபீஸுக்குப் போய் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். அன்றைக்கு முழுநாள் சம்பளம் தரும் முழுப்பேரா, பாதி தரும் அரைப்பேரா என்பது அதில்தான் முடிவாகும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஓர் அரைப்பேர் நாட்சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்விடும். செக்ரோலிலிருந்து சம்பளம், சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதி, அதிலிருந்து ஒரு பெண் ஓய்வு பெறும் நாளில் கைக்கு வரும் தொகை. கொழுந்துக் கூடையில் தொடங்கும் கணக்கு முப்பது நாற்பது வருடம் கழித்து முடிகிறது.

இங்கே ஒரு முகவரைக் கொண்டுவந்து வைத்தால் அதற்கு எதைக் கொடுப்பது? நிறுவை எண்களை வாசிக்க விடலாம், அதுவும் அந்த டிவிசனின் எண்களை, அந்த மாதத்துக்கு மட்டும். கூட்டிப் பார்த்து, நேற்று ஐந்து பேருக்கு நிறுவை பதிவாகவில்லை, விசாரியுங்கள் என்று சொல்ல விடலாம். இது நல்ல வேலை. மனிதர் தவறவிடும் இடத்தில் இயந்திரம் உதவும். செக்ரோலில் எழுத விட்டால் அதன் எழுத்து பரிந்துரையாக நிற்கவேண்டும். பழைய எண் அழியாமல் பக்கத்தில் தெரியவேண்டும். கைச்செக்ரோலில் பிழை திருத்தினால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பமிடுவார்களே, அந்தப் பழக்கம் இயந்திரத்துக்கும் வேண்டும்.

அடுத்தது பெயர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியூரில் உட்கார்ந்து விதி எழுதுபவருக்கு இது தெரியவராது. ஒரே டிவிசனில் மூன்று லெட்சுமிகள் இருப்பார்கள். ஒருவர் பிறப்புப் பதிவில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, சேமலாப நிதிப் பதிவில் இலட்சுமி. பதிந்தவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் நான்காவது வடிவமும் வந்திருக்கும். தகப்பன் பெயரும் அப்படியே. இதனாலேயே உழைத்த பணத்தை எடுக்க ஆபீஸுக்கு ஆபீஸ் அலைந்து சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு நிற்கும் பெண்களை மலையகத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒரு முகவரிடம் ‘இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கு’ என்று சொல்லி, ஒன்றாக்கும் கருவியையும் கொடுத்தால், அது இரண்டு லெட்சுமிகளை ஒருத்தியாக்கிவிடும். கேட்பதற்கு வெறும் சுத்தம் செய்யும் வேலை. நடப்பது ஒரு மனுஷியின் இருபது வருட உழைப்பு இன்னொருத்தியின் கணக்கில் சேர்வது. இரண்டு பதிவுகளை ஒன்றாக்குவதை அழிக்கும் செயலாகவே விதி கருதவேண்டும். அதற்கு இரண்டு மணி அடிக்கவேண்டும்: ஒன்று ஆபீஸில், மற்றது அந்தப் பெயருக்குரியவரிடம்.

பிரிட்டிஷ் நிரலாளர் சைமன் வில்லிசன் 2025இல் ஒரு பயனுள்ள எச்சரிக்கையை எழுதினார். அந்தரங்கத் தகவல், வெளியாட்களிடமிருந்து வரும் எழுத்து, வெளியே செய்தி அனுப்பும் வழி, இந்த மூன்றும் ஒரே முகவரின் கையில் சேர்ந்தால் திருட்டு எளிதாகிவிடும் என்பது அதன் சாரம். நம் ஆபீஸில் இதைப் பொருத்திப் பாருங்கள். முகவருக்குச் சம்பள விவரம் தெரியும். அது ஆபீஸுக்கு வரும் மின்னஞ்சலையும் வாசிக்கிறது. பதிலும் அனுப்புகிறது. ஓர் அந்நியர் தன் மின்னஞ்சலின் அடியில் ‘எல்லோருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று எழுதினால் போதும். மூன்றில் ஒன்றையாவது எடுத்துவிடவேண்டும். எனக்குத் தெரிந்து இதற்கு வேறு நம்பகமான வைத்தியம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மனிதர் ஒருவர் ஒப்புதல் கொடுத்தால் தீர்ந்துபோகும் என்று சிலர் சொல்கிறார்கள். தீராது. நாளுக்கு இருநூறு தடவை ‘அனுமதிக்கவா?’ என்று கேட்டால் மனிதர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அழுத்திக்கொண்டே இருப்பார். சம்பளப் பட்டியலின் அடியில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட துரைகளை நம் அப்பாமார் கண்டிருக்கிறார்கள். மனிதரின் கவனம் குறைவான பொருள்; அதைச் சில இடங்களில் மட்டும் செலவழிக்கவேண்டும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் திருடர்கள் அனுப்பிய பண உத்தரவுகள் எல்லாம் முறையான அனுமதிக் குறியீடுகளோடுதான் போயின. பிலிப்பைன்சுக்கு 81 மில்லியன் டொலர் போய்விட்டது. இலங்கைக்கு வந்த 20 மில்லியன் நின்றது, பெறுநரின் பெயரில் இருந்த ஒரு எழுத்துப் பிழையை இடையிலிருந்த வங்கியில் கவனித்துக் கேள்வி கேட்டதால். பெரிய தொகை, புதிய பெறுநர், திரும்பப் பெறமுடியாத செயல்: இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் மனிதரின் கண்ணைச் சேமித்து வைக்கவேண்டும்.

திரும்பப் பெறமுடியாதது என்றால் என்ன என்பதை ஊவாவில் பாடமெடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம்பெயர்க்கவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னது காகிதத்தில் இருந்தது; மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவில் உயிர்களைப் பறிகொடுத்தது.

மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் பொது வரம்புகள் தெளிவானவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். மழைமானியை வாசித்து இந்த வரம்புகளைப் பார்த்து ஒவ்வொரு லயத்துக்கும் தமிழில் செய்தி அனுப்ப ஒரு முகவரை வைப்பது முடியாத காரியம் அல்ல. இங்கே விதி எப்படி இருக்கவேண்டும்? எச்சரிக்கை எழுப்பும் கருவியை அதற்குத் தாராளமாகக் கொடுங்கள், நள்ளிரவானாலும் யாரையும் கேட்காமல் அது அனுப்பட்டும். ‘ஆபத்து நீங்கியது, வீட்டுக்குத் திரும்புங்கள்’ என்று சொல்லும் கருவியை மட்டும் அதற்குக் கொடுக்கவே கூடாது. அதைச் சொல்லவேண்டியவர் மலையில் ஏறி வெடிப்பைப் பார்த்த அதிகாரி. செய்தி அனுப்பும் கருவி ஒன்றுதான். ஆனால் ஒரு திசையில் பிழை நேர்ந்தால் மக்கள் ஓர் இரவு பாடசாலையில் தூங்குவார்கள், மறுதிசையில் பிழை நேர்ந்தால் மண்ணுக்குள் போவார்கள். அனுமதியைக் கருவிக்குக் கருவி எழுதுவதோடு நில்லாமல், பிழை யார் தலையில் விழும் என்ற திசையையும் பார்த்து எழுதவேண்டும். செக்ரோலிலும் அப்படித்தான்: விடுபட்ட பேரைச் சேர்க்கும்படி கேட்பது ஒரு திசை, இருக்கும் பேரை வெட்டுவது வேறு திசை.

சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் இயந்திரத்தால் எடுக்கப்பட்ட ஒரு முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதன் முக்கியப் பகுதிகளை நடைமுறைப்படுத்தும் நாள் தள்ளிப்போடப்பட்டது. அரைப்பேர் போட்டது தராசா, முகவரா, கணக்குப்பிள்ளையா என்று தெரியாத ஒருவர் எதை மீளாய்வு செய்யச் சொல்வார்? ஒவ்வொரு பதிவிலும் எழுதிய கை எது என்று தெரிந்தால்தான் அந்த உரிமை உரிமையாகும்.

ஆகவே தொழிற்சங்கங்களிடமும் தோட்டக் கம்பனிகளிடமும் ஒரு கோரிக்கை. சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அடுத்த முறை உட்காரும்போது ஒரு பக்கம் கூடுதலாக எழுதுங்கள். செக்ரோலைத் தொடும் மென்பொருள் எது, அது எதை வாசிக்கலாம், எதை எழுதலாம், யார் சம்மதமின்றி எதைச் செய்யக்கூடாது என்று அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். காலையில் பேர் கொடுக்க வந்து நிற்கும் ஒவ்வொருவரும் அதை வாசிக்க முடியவேண்டும்.